பதினோரு நாள் நீடித்த மாலை

அரக்கோணத்துக்கும் சோளிங்கருக்கும் நடுவே, ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் கிடக்கிற கூத்தனேரியில் பதினோரு நாள் இருட்டவே இல்லை என்றால் நம்பாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் நேரில் வந்து பூக்கட்டுகிற ரமணிபாயைக் கேட்கட்டும், பஜ்ஜிக்கடை சுந்தரேசனைக் கேட்கட்டும், பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்கட்டும், மூன்று பேரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஏன் இருட்டவில்லை என்று மட்டும் கேட்க வேண்டாம். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் தேசிங்கு இன்னும் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறான், அவன் பெண்ணும் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

தேசிங்குக்குத் தொழில் புறா. மொட்டைமாடியில் எட்டுப் பலகைக் கூண்டு, அதில் அறுபது எழுபது உருப்படி. போன் வந்த பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிற பாடு ஒழிந்து, 'வடாற்காடு புறா நண்பர்கள்' என்கிற வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு ஏலம் விடுகிற சுகம் வந்தது. அந்தக் குழுவில் முன்பெல்லாம் மணி ஆறானால் ஏலம் முடிந்தது என்று வைத்திருந்தார்கள். ஆனால் கடைசி நிமிஷத்தில் போட்ட விலை ஒருவன் போனுக்கு ஆறுக்கு முன்னாலும் இன்னொருவன் போனுக்கு ஆறுக்குப் பின்னாலும் போய்ச் சேர்ந்து, அதனால் ஆம்பூர்க்காரனும் ஆற்காட்டுக்காரனும் ஒருவன் தாயை ஒருவன் இழுத்து ஆடியோவில் அரைமணி நேரம் திட்டிக்கொண்டு, அதை இருநூற்று நாற்பது பேர் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டு, கடைசியில் குழுவை நடத்துகிற ஜோலார்பேட்டை ஆல்பர்ட் ஒரு சட்டம் போட்டார். விற்கிறவன் வீட்டில் விளக்கு வைக்கிற வரைக்கும் ஏலம். விளக்கை ஏற்றிப் படம் போட்டால் முடிந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏற்றினாலும் செல்லாது. காமாட்சி விளக்கோ, குத்துவிளக்கோ, ஆல்பர்ட் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஏற்றுகிற மெழுகுவத்தியோ, எதுவானாலும் சரி. விளக்கு விஷயத்தில் எவனும் பொய் சொல்ல மாட்டான் என்று அந்த மனுஷன் மனசார நம்பினார்.

தேசிங்கிடம் ஒரு ஹோமர் புறா இருந்தது. ஹோமர் என்பது பிறந்த கூட்டை மறக்காத சாதி. வளர்ந்த ஹோமரை விலைக்கு வாங்கினால் வெளியே விடக்கூடாது. கூண்டிலேயே ஜோடி சேர்த்து வைத்து, அது பொரிக்கிற குஞ்சைத்தான் பறக்கவிட வேண்டும். குஞ்சுக்கு அந்த மாடி வீடு, தாய்க்கு என்றைக்கும் பழைய மாடிதான் வீடு. புதிதாகப் புறா வாங்க வருகிறவனுக்கு விற்கிறவன் சொல்லியனுப்ப வேண்டிய முதல் விஷயமே இதுதான். தேசிங்கு இதைச் சொல்லாமல் விட்டிருந்தாலாவது மறதி என்று விட்டுவிடலாம். அவன் தலைகீழாகச் சொன்னான்.

"பதினஞ்சு நாள் கூண்டுல வச்சித் தீனி போடுங்க. பதினாறாவது நாள் காலைல தெறந்து வுடுங்க. உங்க மாடிய வுட்டு எங்கியும் போவாது" என்பான், சொந்தப் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற குரலில்.

பதினாறாவது நாள் மத்தியானம் அது கூத்தனேரி மாடியில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். வாங்கினவர் தன் பெயரும் நம்பரும் போட்டு அதன் காலில் மாட்டின வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கொஞ்ச நாள் ஆறப்போட்டு, வேறு பக்கம் திருப்பிப் படமெடுத்து, வேறு பெயரில் மறுபடி ஏலத்துக்கு விடுவான். திருவண்ணாமலைக்குப் போய்வந்தது, குடியாத்தத்துக்குப் போய்வந்தது, ஓசூருக்குப் போய்வந்தது. எந்த ஜில்லாவுக்கு அனுப்பினாலும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துவிடுவதால் அதற்குக் கலெக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தான். ஒன்பது தடவை விற்றாயிற்று. அதன் இடது காலில் நடுவிரலுக்கு நகம் கிடையாது. அந்தக் கால் மட்டும் படத்தில் வராதபடி தீனிக்கிண்ணத்தை முன்னால் வைத்து மறைப்பான். மற்ற ஹோமர்களையும் இதே பொய்யைச் சொல்லித்தான் விற்றான்.

இது போதாதென்று அவனிடம் இன்னொரு போனும் இருந்தது. அதற்குள் குவைத் குமாரசாமி என்று ஒருவர் குடியிருந்தார். தங்க பிரேம் கண்ணாடி போட்ட படம், குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ரோஜாப்பூ அனுப்புகிற பெருந்தன்மை, விலை படுத்துக்கொண்டால் எழுந்து வந்து ஐந்நூறு ஏற்றிவிடுகிற தாராளம். அவர் பேசவேண்டி வந்தால் தேசிங்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவான். அவன் பெண் தர்ஷிகாவுக்கு ஆறு வயசு, அதைக் கேட்டு உருண்டு உருண்டு சிரிப்பாள். "குவைத் மாமா வந்துட்டாரு, குவைத் மாமா வந்துட்டாரு" என்று மாடியெல்லாம் குதிப்பாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கலெக்டரம்மா பத்தாவது தடவையாக ஏலத்துக்குப் போயிருந்தது. படம் எடுக்கும்போது தர்ஷிகா புறாவைத் தன் கையில்தான் வைத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்ததால், கிண்ணத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆரணியிலிருந்து சாந்தகுமாரி என்று ஒரு அம்மாள் விடாமல் விலை கேட்டாள். அவள் ஆயிரத்து எண்ணூறு என்றாள், குமாரசாமி இரண்டாயிரம் என்றார். அவள் இரண்டாயிரத்து இருநூறு என்றாள், குமாரசாமி இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். அதோடு அந்த அம்மாள் பேச்சு நின்றுபோனது.

தேசிங்கின் பெண்டாட்டி பச்சையம்மாள் தலைவாரிப் பூ வைத்து, காமாட்சி விளக்கில் எண்ணெய் விட்டு, திரி திருத்தி, தீப்பெட்டியும் கையுமாக நின்றாள்.

"ஏய், இரு இரு" என்றான் தேசிங்கு மாடிப்படியில் நின்றபடி.

"எதுக்கு?"

"இன்னும் ஏத்துவா. பொம்பள ஆசப்பட்டுட்டா. குமாரசாமி கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு வைக்கிற நேரத்துல குமாரசாமியாம் குமாரசாமி. நேரம் போவுதுய்யா."

"போனா போவட்டும். நா சொல்ற வரைக்கும் குச்சியக் கிழிக்காத."

குழுவில் எழுதினான்: 'இங்கே இன்னும் விளக்கு வைக்கவில்லை. ஏலம் தொடர்கிறது.'

அந்த நேரம் சூரியன் ரேணுகாம்பாள் அரிசி மில் புகைபோக்கியின் உச்சிக்கு வந்திருந்தது. கூத்தனேரியில் சூரியன் என்றைக்கும் புகைபோக்கி வரைக்கும் வரும், பச்சையம்மாள் விளக்கு வைப்பாள், அது இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போகும். இத்தனை வருஷம் அந்த வரிசை மாறினதில்லை. அன்றைக்கு விளக்கைக் காணோம். அதனால் அது நின்றது.

முதலில் கவனித்தவன் சுந்தரேசன்தான். வழக்கமாகத் தீர்ந்துபோகிற நேரத்தில் தீராமல் ஆட்கள் பஜ்ஜிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களே மறுபடியும் வந்தார்கள். கடலைமாவு தீர்ந்து ஆள் அனுப்பினான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா, பொழுது மாட்டிக்கிச்சா அங்க?" என்றான். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். "ஆமா, மாட்டிக்கினுதான் கீது" என்றார் ஒரு பெரியவர். இன்னொரு டீ சொன்னார்.

ஆரணி அம்மாள் குழுவில் கேட்டாள், 'இங்கே இருட்டிவிட்டதே அண்ணா.' தேசிங்கு மாடியில் நின்று புகைபோக்கியையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த சூரியனையும் படமெடுத்துப் போட்டான். அவன் அந்தக் குழுவில் போட்ட படங்களிலேயே ஒளிவுமறைவு இல்லாத படம் அது ஒன்றுதான். ஆல்பர்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'விளக்கு வைக்கும் வரை ஏலம். சட்டம் சட்டம்தான்' என்று எழுதினார்.

ரயில்வே கேட் வரைக்கும் மாலை, கேட்டைத் தாண்டினால் ஊர் உலகத்தில் என்ன நேரமோ அந்த நேரம். அரக்கோணம் பஸ் நடுராத்திரியிலிருந்து ஊருக்குள் வந்து மஞ்சள் வெயிலில் ஆளை இறக்கிவிட்டு, மறுபடி நடுராத்திரிக்குள் போனது. கண்டக்டர் கேட் வந்ததும் உள் விளக்கை அணைத்து, திரும்பக் கேட் வந்ததும் போட்டார். நாலைந்து டிரிப்புக்குள் அவருக்குப் பழகிவிட்டது. நாளை எண்ண வேண்டியவர்கள் பேப்பரைப் பார்த்து எண்ணினார்கள். பிள்ளைகள் மாலையில் எழுந்து, மாலையில் பள்ளிக்கூடம் போய், மாலையில் திரும்பி வந்தார்கள். ஹஜ்ரத் ஜமாஅத்தைக் கூட்டி, பொழுது சாயாத நாட்டில் இருக்கிறவர்கள் பக்கத்து ஊர் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே சொல்லித்தான் இருக்கிறது, நாம் அரக்கோணத்தை எடுத்துக்கொள்வோம் என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். கோயில் குருக்களுக்குத்தான் குழப்பம். சாயரட்சைப் பூஜைக்கு எடுத்த மணியைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், தூங்கும்போதும் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார்.

ரமணிபாய் கட்டி வைத்த மல்லிகை மொட்டு மொட்டாகவே நின்றது. கூடை கூடையாக அரக்கோணத்துக்கு அனுப்பினாள். ஆட்டோ கேட்டைத் தாண்டின உடனே கூடையிலிருந்த அத்தனை மொட்டும் ஒரே சமயத்தில் படபடவென்று வெடித்து விரிந்ததில், டிரைவர் டயர் போய்விட்டது என்று இறங்கிப் பார்த்தான். அதற்கப்புறம் கூத்தனேரி மல்லிக்கு எங்கேயும் கிராக்கி. முத்து சில்க்ஸ் வாசலில் ஏழு வருஷமாகத் தொங்குகிற 'இன்றே கடைசி' பேனர், தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக உண்மையானது.

இந்தச் சங்கதி வெளியே பரவினதுதான் தாமதம், போனில் ஏலம் விட்டுப் பிழைக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கூத்தனேரிக்கு வந்து சேர்ந்தார்கள். புடவை விற்கிறவர்கள், பழைய பைக் விற்கிறவர்கள், நேற்றுச் செய்த சிலைக்கு நானூறு வயசு சொல்லுகிறவர்கள், உள்ளே எஞ்சின் இல்லாத மோட்டாரை முன்பக்கம் மட்டும் காட்டி விற்கிறவர்கள். 'இன்று மாலை வரை மட்டும்' என்று போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தால், கேட்கிறவன் விலை ஏறுகிற வரைக்கும் மாலை அங்கேயே நிற்கும். மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை வந்தது. வார்டு மெம்பர் குணாளன் இரண்டு மாடி வீட்டை ஐந்தாகத் தடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் தேசிங்கைத் தெருவில் கண்டால் எழுந்து நின்று, "வாங்கண்ணே" என்றார்கள்.

தேசிங்குக்கும் முதல் இரண்டு நாள் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. மூன்றாம் நாள்தான் பச்சையம்மாள் அவனைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"பாப்பா தூங்கலய்யா."

"நேத்து தூங்கலியா?"

"நேத்து இல்ல, முந்தாநாள் இல்ல, வெள்ளிக்கெழமையிலேருந்து தூங்கல."

ஊரில் மற்றவர்கள் ஜன்னலில் போர்வையைக் கட்டித் தூங்கப் பழகிவிட்டார்கள். தர்ஷிகாவுக்கு ஒரு வழக்கம். விளக்கு வைத்ததும் அதன் மேலே கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், பால் குடிப்பாள், படுப்பாள். இப்போது படுக்கச் சொன்னால் படுத்தாள், கண்ணை மூடச் சொன்னால் மூடினாள், கொஞ்ச நேரம் கழித்து மூடின கண்ணுக்குள்ளிருந்தே கேட்டாள், "இன்னும் வெளக்கு வைக்கலியேம்மா?"

"வைடி, இப்பவே வை" என்றான் தேசிங்கு.

பச்சையம்மாள் குச்சியைக் கிழித்தாள். குச்சி எரிந்தது, திரியில் வைத்தால் அணைந்தது. எண்ணெயை மாற்றினாள், திரியை மாற்றினாள், விளக்கையே புளி போட்டுத் தேய்த்தாள். அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்தாள். குருக்கள் மணியோடு வந்து கோயில் கற்பூரத்தைக் கொடுத்தார். எதை வைத்தாலும் தண்ணீரில் வைத்தது போல் சுர்ரென்று போயிற்று.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். அரக்கோணத்தில் நல்ல இருட்டு. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். பச்சையம்மாளின் அண்ணன் வீட்டில் படுக்க வைத்தார்கள். அவர்கள் வீட்டு விளக்கைக் காட்டினார்கள். "இது மாமா வீட்டு வெளக்கு. நம்ம வீட்டுது இன்னும் வைக்கல" என்று சொல்லிவிட்டு, தர்ஷிகா விடிகிற வரைக்கும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் அவள் கண் ரத்தக் கட்டியாகச் சிவந்தது. ஆறாம் நாள் சோற்றைக் கையில் எடுத்து, எடுத்த கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நாள் மாடியில் மல்லாந்து படுத்து வானத்தில் புறாக்களை எண்ண ஆரம்பித்தாள். அடைகிற நேரம் வராததால் வெள்ளிக்கிழமை மேலே போன புறா ஒன்றுகூட இறங்கவில்லை. தெருவுக்கு மேலே வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. நாளுக்கு நாள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்து வட்டம் பெரிதானது. அவற்றின் நிழல் தெருவில் விழுந்து சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்துப் பார்த்து நாய்களுக்குத் தலைசுற்றியது.

எட்டாம் நாள் தேசிங்கு, ஏலம் முடியாததால்தானே விளக்கு பிடிக்கவில்லை, ஏலத்தை முடித்துவிடுவோம் என்று குழுவில் எழுதினான்: 'வெள்ளிக்கிழமை ஏலப் புறா, குவைத் குமாரசாமி அவர்களுக்கு, ரூபாய் 2500.' இன்னொரு போனிலிருந்து குமாரசாமி நன்றி சொல்லி ரோஜாப்பூ அனுப்பினார். பச்சையம்மாள் குச்சியைக் கிழித்தாள். சுர்ரென்று போயிற்று.

ஒன்பதாம் நாள் தர்ஷிகாவுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"குவைத் மாமா, எங்கப்பா எப்ப வருவாரு?"

"பாப்பா, நான்தாம்மா. உங்கப்பாடி."

"நீங்க குவைத் மாமா. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

பால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கீழே இறங்கினால் வாசலில் குணாளனும் வாடகைக்கு வந்தவர்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். கையில் ஆப்பிள் ஆரஞ்சுப் பை.

"கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டோம் தேசிங்கு. வேலூர்ல பெரிய டாக்டரா பாத்துக்கலாம், செலவு எங்களுது" என்றார் குணாளன். பையை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "வெளக்கு விஷயத்துல மட்டும் அவசரப்பட்டு ஒண்ணும் பண்ணிடாத. ஊரே இப்பத்தான் நிமிந்துகினு வருது."

பச்சையம்மாள் உள்ளேயிருந்து வந்து பையைப் பிடுங்கித் தெருவில் கொட்டினாள். ஆரஞ்சுகள் புறா நிழல்களுக்கு நடுவே உருண்டு போயின.

பத்தாம் நாள் தேசிங்கு ஆரணி அம்மாளுக்குத் தனியாக எழுதினான். 'குவைத்துக்காரர் வேண்டாம் என்கிறார். நீங்கள் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.' அவளிடமிருந்து எழுத்து வரவில்லை, குரல் வந்தது. மாடியில், பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"அண்ணா, நான் ஆரணி சாந்தகுமாரி பேசறேன். உங்க பொண்ணு கையில புறாவப் புடிச்சிகினு இருக்கிற படத்தப் பாத்தேண்ணா. விரலுக்கு நடுவுல எடது காலு தெரிஞ்சுது. நடுவிரல்ல நகமில்ல. அது எங்க புறாண்ணா. தை மாசம் உங்ககிட்டதான் வாங்கினேன், நீங்க மறந்திருப்பீங்க, எத்தினியோ பேருக்குக் குடுக்கறீங்க. பதினாறாவது நாள் நீங்க சொன்ன மாதிரியே தெறந்து வுட்டேன். நான்தான் வுட்டேன். எங்க வூட்டுக்காரரு அதும்மேல உசுரா இருந்தாரு, அன்னையிலேருந்து எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. எங்கியோ வழி தவறி அலைஞ்சி உங்க கையில வந்து மாட்டியிருக்குது, நல்ல ஆளு கையிலதான் மாட்டியிருக்குதுன்னு நெனச்சிகிட்டேன். எங்கிட்ட இருந்தது அவ்ளோதாண்ணா, அதுக்கு மேல ஏத்த முடியல. அந்தக் குவைத்துக்காரரு நல்லவரா இருக்கணும், வுட்டுக் குடுத்துட்டாரு. அவருக்கு நான் கும்புட்டதா சொல்லுங்கண்ணா."

தேசிங்கு அதை இரண்டாவது தடவை கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். கூண்டுக்குள் கலெக்டரம்மா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. மடக்காத கால், நகமில்லாத கால்.

பதினோராம் நாள், பேப்பர் வந்த பிறகு, அவன் பச்சையம்மாளைக் கூப்பிட்டான். "குச்சியை எடுத்துக்கோ" என்றான்.

அவள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் மகளை மடியில் கிடத்திக்கொண்டான். அவள் உடம்பு துணி போல் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. வாசலில் குணாளன் ஆட்களோடு வந்து நின்று, "தேசிங்கு, வெளிய வாப்பா, பேசிக்கலாம்" என்று கதவைத் தட்டினார்.

குழுவைத் திறந்து, பேசுகிற பொத்தானை அழுத்தினான். விட்டுவிட்டான். மறுபடி அழுத்தினான். "நண்பர்களே, கூத்தனேரி தேசிங்கு பேசறேன். அந்தப் புறா ஆரணி அம்மாவோடது. காசு வேணாம், நானே கொண்டாந்து குடுத்துடறேன்" என்று அனுப்பினான்.

பச்சையம்மாள் குச்சியைக் கிழித்தாள். திரி ஓரத்தில் ஒரு பொறி நின்று, அணைந்தது.

"பாதி சொல்றய்யா" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

மறுபடி அழுத்தினான். "குவைத் குமாரசாமின்னு ஆளே கெடையாது. அது நான்தான். உங்க பொறந்தநாளுக்கு ரோஜாப்பூ அனுப்பினதும் நான்தான். நீங்க வெல ஏத்தறதுக்காக நான் ஏத்தினேன்."

அவள் குச்சியைக் கிழித்தாள். திரி கருகிப் புகை வந்தது. பிள்ளை மூக்கைச் சுருக்கி, "வெளக்கு வாசன வருது" என்றது.

கதவு அதிர்ந்தது. "டேய், ஊரக் கெடுத்துடாதடா!"

மூன்றாம் தடவை அவன் பொத்தானை அழுத்தினபோது மூச்சுச் சத்தம்தான் முதலில் போயிற்று. "ஹோமர் பழைய கூட்டுக்குத்தான் வரும். எனக்கு அது தெரியும், தெரிஞ்சேதான் தெறந்து வுடச் சொன்னேன். உங்க புறா வழி தவறல. நீங்க தப்பா எதுவும் பண்ணல. அது நேரா எங்கிட்டதான் வந்துச்சி, நான் உங்க வளையத்தக் கழட்டிட்டு வேற ஆளுக்கு வித்தேன். இத ஒருத்தருக்கு இல்ல, பல பேருக்குப் பண்ணியிருக்கேன். ஆரணி சாந்தகுமாரி அம்மா, உங்க வூட்டுக்காரர இதக் கேக்கச் சொல்லுங்க. நீங்க தெறந்து வுட்டது தப்பில்ல. தெறந்து வுடச் சொன்னவன் நான்." கடைசியாக, "எம் பொண்ணு பதினோரு நாளா தூங்கலிங்க" என்றான். அனுப்பிவிட்டான்.

திரி பிடித்துக்கொண்டது. சத்தமில்லாமல், எப்போதும் போல, ஒரு மல்லிகை மொட்டளவுக்கு.

சட்டப்படி விளக்கைப் படமெடுத்தான். அனுப்பப் போனால் குழுவில் அவன் இல்லை, ஆல்பர்ட் நீக்கியிருந்தார். அந்தப் படம் போகாமல் அவன் போனிலேயே கிடக்கிறது, இன்றைக்கும் கிடக்கிறது.

சூரியன் புகைபோக்கி மேலிருந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பரணிலிருந்து அண்டா விழுகிற மாதிரி விழுந்தது. வர வேண்டிய பதினோரு ராத்திரியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஊர்மேல் இறங்கின. சுந்தரேசன் கையில் கரண்டியோடு தூங்கினான். பெஞ்சில் இருந்தவர்கள் பஜ்ஜியை வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே தூங்கினார்கள். குணாளன் தட்டின கதவிலேயே சாய்ந்து தூங்கினார். 'மாலை வரை மட்டும்' என்று ஏலம் போட்டிருந்தவர்கள் கடைசியாக யார் என்ன விலை கேட்டார்களோ அந்த விலைக்கே விற்றுத் தொலைத்துவிட்டுத் தூங்கினார்கள். ரமணிபாய் வீட்டு மல்லிகை மொத்தமும் வெடித்து, அந்த வாசனையில் குருக்கள் மணியைக் கீழே போட்டார். தர்ஷிகா விளக்குக்கு மேலே கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாலுக்குக் காத்திருக்கவில்லை.

ஊர் மறுநாள் எழுந்துவிட்டது. வாடகைக்கு வந்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். போகிறபோது தேசிங்கு வீட்டு வாசலில் துப்பிவிட்டுப் போனார்கள். அவன் வெளியே வரவில்லை. பெண் தன் பங்குக்கு வரவேண்டிய அத்தனை ராத்திரியையும் விடாமல் தூங்கினாள்; அவளுடைய மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இருக்கவில்லை. தூங்க ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் கண் விழித்து, "அப்பா, பசிக்குது" என்றாள். அப்பா என்று கூப்பிட்டதும் அவன் எழுந்து மாடிக்கு ஓடிப்போய் அங்கே நின்று அழுதான்.

மாடியில் நிற்க இடமில்லை. அன்றைக்கு இருட்டினவுடனே வானத்து வட்டம் முழுவதும் அவன் தலைக்குமேல்தான் இறங்கியிருந்தது. பதினாறாவது நாள் விடிந்ததென்று எந்தெந்த ஊரிலோ யார் யாரோ நம்பித் திறந்துவிட்டவை. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு வளையம், வளையத்தில் ஒரு பெயர், ஒரு நம்பர். தேசிங்கு பழைய சந்தைக் கூடையைத் தேடி எடுத்தான்.

முதலில் ஆரணிக்குப் போனான். சாந்தகுமாரியின் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். தேசிங்கை ஏற இறங்கப் பார்த்தார். கூடையைத் திறந்து, நகமில்லாத அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்பக்கம் திரும்பி, "சாந்தா, வந்துடுச்சிம்மா" என்றார். ஐந்து மாசத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஈரக் கையோடு வந்தாள். புறாவைப் பார்க்கும் முன்னால், "பொண்ணு எழுந்துட்டாளாண்ணா?" என்றாள்.

"எழுந்துட்டாம்மா." அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "இத வெளிய வுடாதீங்க. ஜோடி போடுங்க. குஞ்சு பொரிச்சா, அந்தக் குஞ்சுக்குத்தான் இது வூடு."

அதற்கப்புறம் அவன் புறா விற்கவில்லை. மூட்டை தூக்குகிறான், அதே ரேணுகாம்பாள் மில்லில். கூடையில் புறாக்களும் இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதோ ஒரு ஊருக்கு பஸ் ஏறுகிறான். சில வீட்டில் டீ கொடுக்கிறார்கள், சில வீட்டில் அடித்தும் இருக்கிறார்கள்.

சாயந்திரமானால் கூத்தனேரியில் யாரும் முதலில் விளக்கு வைப்பதில்லை. அவரவர் வாசலில் வந்து நின்று தேசிங்கு வீட்டைப் பார்க்கிறார்கள். சூரியன் புகைபோக்கி உச்சிக்கு வந்து, ஒரு கணம் நிற்கிறது. பச்சையம்மாள் குச்சியைப் பெட்டி ஓரத்தில் வைத்தபடி திரும்பிப் புருஷனைப் பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கிற பெண்ணும் பார்க்கிறாள். தேசிங்கு மாவு ஒட்டின இரண்டு கைகளையும் விரித்து, புரட்டி, மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுகிறான்.

அதைப் பார்த்த பிறகுதான் பச்சையம்மாள் கிழிக்கிறாள்.